இறுக்க இறுக்க லீக்காகும்!

அப்பாவோட பழைய புல்லட்டை எடுத்துக்கிட்டு காலேஜ் போற ஆளா நீங்க? இல்ல, செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வாங்கித் தரச் சொல்லி வீட்டுல தாஜா பண்ணிக்கிட்டு இருக்கீங்களா? அப்ப இந்தப் பக்கத்தைக் கிழிச்சு டூல் பாக்ஸ்ல வெச்சுக்கங்க. என்னைக்காவது ஒருநாள் கைகொடுக்கும்!

முதல்ல கொஞ்சம் ஊர்ப் பெருமை. நமக்கு ஏரியா திருவொற்றியூர். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும், இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் கைகோத்து 'என்ஃபீல்டு இந்தியா'வை ஆரம்பிச்சாங்க. 350 சிசி புல்லட் உருவானது எங்க ஊர் ஃபேக்டரியிலதான். ஆரம்பத்துல அங்கேயிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினாங்க. அப்புறம் பாகங்களையும் இங்கேயே செய்ய ஆரம்பிச்சாங்க. 1970-ல் பிரிட்டனில் தயாரிப்பே நின்னு போச்சு. ஆனா, திருவொற்றியூர்ல 'டப் டப்' சத்தம் நிக்கவே இல்லை. 2013-ல் ஒரகடத்துல புது ஃபேக்டரி வந்த பிறகும், பழைய இரும்பு இன்ஜினோட நாடித்துடிப்பைக் காதால கேட்டே சொல்ற மெக்கானிக் அண்ணன்கள் எங்க தெருக்கள்ல இருக்காங்க.

எங்க வீட்டு புல்லட், அப்பா துறைமுகத்துல வேலை பார்த்த காலத்துல வாங்கினது. அவருக்கு முன்னாடியும் சில கைகள் மாறின வண்டி. ஒரு வருஷமா அதுக்கு ஒரு வினோத வியாதி. காலையில சமர்த்தா ஸ்டார்ட் ஆகும். சூடேறினதும் ஆக்சிலேட்டரை விட்டாலும் இன்ஜின் வேகம் இறங்காம 'உய்ய்...'னு கத்தும். அடுத்த சிக்னல்ல நேர்மாறா, பொசுக்குனு அணைஞ்சு போகும். இறக்கத்துல ஆக்சிலேட்டரை மூடினா சைலன்ஸர்ல பட்டாசு! மெக்கானிக்கிட்ட விட்டா பத்து நாள் நல்லா ஓடும். பதினோராவது நாள் பழைய குருடி கதவைத் திறடிதான்.

சிரிச்சுட்டுப் போற விஷயம் இல்லைங்க இது. எங்க எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். ஹார்பருக்குப் போற கன்டெய்னர் லாரிங்க ரயில் பெட்டி மாதிரி வரிசைகட்டி நிக்கும். தங்கச்சியைப் பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு, ரெண்டு லாரிக்கு நடுவுல வண்டி அணைஞ்சுபோச்சு. பின்னால லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். தங்கச்சி என் சட்டையை இறுக்கிப் பிடிச்சிருக்கா. நாலாவது உதையிலதான் ஸ்டார்ட் ஆச்சு. விஷயம் அப்பா காதுக்குப் போனதும் தீர்ப்பு சொல்லிட்டார்: "இன்னொரு தடவை நடுரோட்டுல நின்னா எடைக்குப் போட்டுடுவேன். 2021-லயே விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்தாச்சு. அதுல போங்க!"

சொன்ன அவருக்குத்தான் அதிகமா வலிச்சிருக்கும். அந்த வண்டியிலதான் அம்மாவைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார்.

அப்புறம்தான் ஒரு சீனியர் மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். வண்டியை ஓடவிட்டு ஒரு நிமிஷம் காதைக் கொடுத்தார். பிளக்கைக் கழட்டினார். வெளிர் பழுப்பா இருக்க வேண்டிய முனை, சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா இருந்தது. "ஏர் இழுக்குது தம்பி"ன்னார். அவ்ளோதான் டயக்னஸிஸ்!

ஏர் இழுக்குதுன்னா என்ன? பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள்ள காத்தழுத்தம் குறையும். ஜூஸை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுற மாதிரி, இன்ஜின் கார்புரேட்டர் வழியா காத்தை உறிஞ்சும். வர்ற காத்துக்குக் கணக்காப் பெட்ரோலைக் கலந்து தர்றதுதான் கார்புரேட்டரோட வேலை. ஒரு கிராம் பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிராம் காத்து வேணும். ஸ்ட்ராவுல ஒரு ஓட்டை இருந்தா என்ன ஆகும்? ஜூஸ் குறைஞ்சு காத்துதானே வாய்க்கு வரும்? அதேதான் இங்கேயும். கார்புரேட்டருக்கும் இன்ஜின் ஹெட்டுக்கும் நடுவுல மயிரிழை இடுக்கு இருந்தாலும், கணக்குல வராத திருட்டுக் காத்து உள்ளே நுழையும். கலவையில பெட்ரோல் போதாமப் போகும், இன்ஜின் சூடேறும்.

இது ஏன் சிக்னல்லயே அதிகமா ஆட்டம் காட்டுது? ஆக்சிலேட்டரை விட்டதும் கார்புரேட்டரோட கதவு கிட்டத்தட்ட மூடிக்கும். அப்பதான் உறிஞ்சுற வேகம் அந்த இடத்துல உச்சத்துல இருக்கும். உள்ளே போற மொத்தக் காத்தும் கொஞ்சம்தான். அதுல திருட்டுக் காத்து கலந்தா கணக்கே தலைகீழ். ரோட்டுல பறக்கும்போது உள்ளே போற காத்து ஏராளம். திருடன் கூட்டத்தோட கூட்டமா மறைஞ்சுடுவான்.

கண்டுபிடிக்க ஒரு ஈஸி வழி இருக்கு. ஸ்ப்ரே பாட்டில்ல சோப்புத் தண்ணி எடுத்துக்கங்க. வண்டியை ஸ்லோ ஸ்பீடுல ஓடவிட்டு, ஜாயின்ட்டைச் சுத்தி லேசா அடிங்க. ஒரு இடத்துல அடிக்கும்போது மட்டும் இன்ஜின் சத்தம் மாறினா, திருடன் அங்கேதான் இருக்கான்! சில பேர் பெட்ரோலைத் தெளிச்சுப் பார்ப்பாங்க. அந்த விஷப்பரீட்சை மட்டும் வேணாம். சூடான இன்ஜின் மேல பெட்ரோல் பட்டா வண்டியோட நீங்களும் எரியணும்.

சரி, ஏன் திரும்பத் திரும்ப வருது? இதுதாங்க நான் காலேஜ் லேப்ல கத்துக்காத பாடம். எங்க வண்டியில கார்புரேட்டரோட முகத்துல ரெண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். அந்த ரெண்டு காதையும் நட்டு போட்டு ஹெட்டோட பூட்டணும். லீக் ஆகுதுன்னு யார்கிட்ட போனாலும் முதல்ல என்ன பண்ணுவாங்க? ஸ்பேனரை எடுத்து இன்னும் ரெண்டு சுத்து! கார்புரேட்டர் உடம்போ மென்மையான வார்ப்பு உலோகம். இறுக்க இறுக்க காதுகள் முன்னால வளையும், நடுப்பகுதி பள்ளமா நிக்கும். அந்தப் பள்ளம் வழியாத்தான் காத்து போகும். லீக்கை அடைக்க இறுக்குறாங்க. இறுக்குறதாலயே லீக் பெருசாகுது! புதுப் பேக்கிங் போட்டா அது பள்ளத்தைக் கொஞ்ச நாள் அடைச்சு நிக்கும். சூட்டுல அமுங்கினதும் பழையபடி ஆரம்பிச்சுடும். எங்க வண்டியோட பத்து நாள் கணக்கு அதுதான்.

அண்ணன் கார்புரேட்டரைக் கழட்டி, ஸ்டீல் ஸ்கேலை முகத்துல குறுக்கே வெச்சு டியூப் லைட்டுக்கு நேரா காட்டினார். நடுவுல கீத்தா வெளிச்சம் தெரிஞ்சது. "இன்னா தம்பி, எத்தினி பேரு இதை இறுக்கினாங்கோ?"

வைத்தியம் ரொம்ப சிம்பிள். உள் பாகங்களை எல்லாம் கழட்டி எடுத்துட்டார். ஒரு தடிமனான கண்ணாடி, அது மேல நனைச்ச வாட்டர் பேப்பர். கார்புரேட்டர் முகத்தை அதுல வெச்சு, சமமா அழுத்தி எட்டு போடுற மாதிரி என்னையே தேய்க்கச் சொன்னார். அடிக்கடி ஸ்கேல் வெச்சுப் பார்த்து, வெளிச்சம் மறைஞ்சதும் நிறுத்தச் சொன்னார். ரொம்பத் தேய்ச்சா ஓ-ரிங் உட்காருற பள்ளமே காணாமப் போயிடும். அப்புறம் ஒரு துகள் இல்லாமக் கழுவி, புது ஓ-ரிங், புதுப் பேக்கிங். கண்ட பேஸ்ட்டையும் அப்ப வேணாம்னார். பெட்ரோல்ல ஊறுற சரக்கா இருந்தா பிய்ஞ்சு உள்ளே போயிடுமாம். கடைசியா நட்டுங்க. இந்தப் பக்கம் கால் சுத்து, அந்தப் பக்கம் கால் சுத்துன்னு மாத்தி மாத்தி. கச்சிதமா உட்கார்ந்ததும் ஸ்பேனரைக் கீழே வெச்சுட்டார்.

உங்க வண்டியில ஹெட்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவுல ரப்பர் மேனிஃபோல்டு இருந்தா, அதைக் கழட்டி வளைச்சுப் பாருங்க. மேலே நல்லாத் தெரியுற ரப்பர், வளைச்சாத்தான் வெடிப்பைக் காட்டும். வெடிச்ச ரப்பரை ஒட்டாதீங்க, மாத்துங்க. கிளாம்ப்பையும் ஒரு பார்வை பார்த்துடுங்க.

இன்னொரு முக்கியமான விஷயம். லீக்கை அடைக்கறதுக்கு முன்னாடி ட்யூனிங் ஸ்க்ரூவைத் தொடாதீங்க. ஸ்லோ ஸ்பீடை ஏத்தி வெச்சா வண்டி அணையாது. ஆனா, உள்ளே இன்ஜின் வெந்துக்கிட்டு இருக்கும். காய்ச்சல்காரனுக்குப் பவுடர் பூசி போட்டோ எடுக்கிற கதைதான். முதல்ல லீக், இன்ஜின் சூடானதும் ட்யூனிங். இந்த வரிசை மாறவே கூடாது.

2020-ல் பிஎஸ்-6 வந்ததிலிருந்து புது பெட்ரோல் பைக்குங்க பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்தான். கார்புரேட்டர் வண்டிங்க இனிமே குறைஞ்சுக்கிட்டேதான் போகும். அதனால, இந்த வித்தையைக் கையில வெச்சிருக்கிற அண்ணன்கள் இருக்கும்போதே ஒரு லீவு நாள்ல அவங்க பக்கத்துல குந்திப் பார்த்துக்கங்க. ஸ்பேனர் எடுத்துக் கொடுங்க, டீ வாங்கிக் கொடுங்க. எங்க இறுக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கும். எங்க நிறுத்தணும்ங்கிறது அவங்க மணிக்கட்டுலதான் இருக்கு.

எங்க புல்லட் இப்போ எட்டு மாசமா நடுரோட்டுல நிக்கலை. அப்பா எடைக்கடைப் பேச்சையே எடுக்கறதில்லை. ஞாயித்துக்கிழமை காசிமேட்டுக்கு மீன் வாங்க இப்பல்லாம் அவரே எடுத்துட்டுப் போயிடறார். எனக்கு மெட்ரோதான்!