சத்தம் கேட்டது, பேச்சு விளங்கவில்லை

பழைய ரிசீவர் கெட்டுப்போகவில்லை. கெட்டுவிட்டது என்று மனைவியிடம் நான் சொன்னது பொய். மெக்கானிக் கைவிரித்துவிட்டார் என்று சொன்னதும் பொய். புது ரிசீவரின் விலை 68,000 ரூபாய் என்றது மூன்றாவது பொய். நான் கொடுத்தது 1,18,000. இந்த மூன்றையும்விடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதாலேயே அதை எழுதவேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு கோவை சிங்காநல்லூரில். ஹால் 11க்கு 14 அடி. 2007இல் சம்பள அரியர்ஸ் வந்தபோது ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபருடன் அந்த ரிசீவரை வாங்கினேன். அப்பாவும் கடைக்கு வந்திருந்தார். ஆட்டோவில் திரும்பும்போது ரிசீவர் பெட்டியைக் கீழே வைக்க விடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அந்தக் காலத்து மாடல் அது. டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் இரண்டையும் பிரித்துத் தரும். ஹெச்டிஎம்ஐ இருந்தது, ஆனால் அதன் வழியே படம் மட்டும் கடந்து போகும். ஒலிக்கு ஆப்டிகல் வயர்தான் போடவேண்டும். டிவியின் ஒலியை அதே ஹெச்டிஎம்ஐ வயரில் ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி வசதி 2009இல் வந்த 1.4 பதிப்பில்தான் சேர்ந்தது.

டிவிடி போட்டுப் பார்த்த வருடங்களில் ஒரு குறையும் இல்லை. 2019இல் 4கே டிவி வாங்கினோம். படங்களை டிவிக்குள்ளேயே, இணையத்தில் பார்க்கத் தொடங்கினோம். அதன் பிறகுதான் அப்பா சொல்ல ஆரம்பித்தார்.

"சத்தம் கேக்குது சாமி. பேச்சுதான் வெளங்கல."

அப்பா பஞ்சாலையில் ரிங் ஃப்ரேம் பகுதியில் சைடராக இருந்தவர். 28 வருடம். மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கையசைத்துத்தான் பேசவேண்டும் என்பார். அப்படிப்பட்ட இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்குக் காதில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். உயிரொலிகள் அதற்குக் கீழே இருக்கின்றன, அவை கேட்கும். ச, ஸ, ஷ, த, ட போன்ற ஒலிகளைப் பிரித்துக் காட்டும் மெல்லிய கீறல்கள் மேலே இருக்கின்றன. அவை போய்விட்டால் ஒருவர் பேசுகிறார் என்பது தெரியும், என்ன பேசுகிறார் என்பது தெரியாது. அப்பா சொன்ன ஒற்றை வரியில் இது அத்தனையும் இருந்தது. நான் ஒவ்வொரு முறையும் செய்தது வால்யூமைக் கூட்டியது மட்டுமே. பாட்டும் வெடிச் சத்தமும் கூடின. பேச்சு அப்படியே இருந்தது.

2022 ஜனவரியில் ரிசீவரின் வால்யூம் திருகு கரகரவென்றது. எங்கள் பகுதியில் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்தேன். 5200, 1943 டிரான்சிஸ்டர்களை ஜோடி ஜோடியாகப் போட்டு, கல்யாண மண்டபங்களுக்கும் வீடுகளுக்கும் ஆம்ப் அசெம்பிள் செய்து தருகிறவர். திருகைச் சுத்தம் செய்தார். 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். அப்பாவின் குறையைக் கேட்டுவிட்டு ஒரு படத்தை ஓடவிடச் சொன்னார். டிவிக்குக் கீழே முழங்கால் உயரத்தில் இருந்த தட்டின் முன் குனிந்து, செண்டர் ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தார்.

"ஆம்ப்ல ஒரு கோளாறும் இல்லீங்க. இன்னும் பத்து வருசம் ஓடும். செண்டர்லதான் சத்தமே வரல பாருங்க. டிவில பிசிஎம்னு போட்டிருக்கும், அதை டால்பிக்கு மாத்துங்க. இந்த ஸ்பீக்கரையும் மேல தூக்கி, டிவிக்கு ஒட்டினாப்புல வையுங்க. இங்க கெடந்தா யாருக்குங்க கேக்கும்?"

அவர் சொன்னது முழுக்க உண்மை. படத்தின் வசனத்தில் பெரும்பகுதி செண்டர் ஸ்பீக்கருக்கு என்றே கலக்கப்படுகிறது. டிவி பிசிஎம்மில் இருந்தால் ஆப்டிகல் வயரில் இரண்டு சேனல்தான் வரும். ரிசீவர் ஸ்டீரியோவில் இருந்தால் செண்டர் ஊமையாகிவிடும். வசனம் இடதிலும் வலதிலும் பிரிந்து ஒலிக்கும். நடுவில் உட்கார்ந்தவருக்கு அது திரையிலிருந்து வருவதுபோல இருக்கும். அப்பாவின் நாற்காலி நடுவில் இல்லை. ஜன்னலை ஒட்டி, இடது ஸ்பீக்கருக்கு அருகில் இருக்கிறது.

மெக்கானிக் டிவி ரிமோட்டுக்குக் கை நீட்டினார். "நானே பாத்துக்கறனுங்க" என்று சொல்லி ரிமோட்டை என் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

இதுதான் நான் சொல்லவந்தது. அவர் போன பிறகும் அந்த மெனுவை நான் திறக்கவில்லை. மறதியில்லை. அதற்கு முந்தைய தீபாவளி விற்பனையிலிருந்தே புது ரிசீவர் ஒன்றின்மேல் எனக்கு ஆசை. அப்பாவுக்குப் பேச்சு கேட்கவில்லை என்பது வீட்டில் யாரும் மறுக்கமுடியாத காரணம். டிவி மெனுவில் ஒரு வரியை மாற்றி, அவருக்குக் கேட்டுவிட்டால் அந்தக் காரணம் போய்விடும். அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தே இருந்தது. என் அப்பாவின் குறையைச் சரிசெய்யாமல், என் ஆசைக்குச் சாட்சியாக ஒன்பது மாதம் அப்படியே வைத்திருந்தேன்.

அந்த ஒன்பது மாதமும் நான் செய்த ஆராய்ச்சியைச் சொல்லவேண்டும். இரண்டு ரிசீவர்களுக்கு நடுவில் நின்றேன். ஒன்று 7.2 சேனல், 80 வாட். இன்னொன்று 9.2 சேனல், 105 வாட். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரவு எல்லோரும் தூங்கிய பிறகு எக்செல் தாளில் 30 வரிசைக்கு மேல் ஒப்பிட்டேன். அந்த ஒப்பீட்டில் எனக்குக் கிடைத்த பதில்கள் எல்லாமே வாங்காதே என்றுதான் சொல்லின.

வாட் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 80க்கும் 105க்கும் உள்ள வித்தியாசம் ஒலியில் 1.2 டெசிபெல்தான். சத்தம் இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். பெட்டியில் அச்சடித்த வாட் எண்ணும் எப்படி அளந்தார்கள் என்பதைப் பொறுத்தது. 8 ஓமில், இரண்டு சேனலை ஓட்டி, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை அளந்த எண் ஒன்று. 6 ஓமில், ஒரே சேனலை, 1,000 ஹெர்ட்ஸில் மட்டும், 10 சதவீதச் சிதைவை அனுமதித்து அளந்த எண் இன்னொன்று. இரண்டாவது எண் பெரிதாகத்தான் வரும், அதை நம்பக்கூடாது. என் ஸ்பீக்கர்கள் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 88 டெசிபெல் தருபவை. பத்தடி தள்ளி உட்கார்ந்தாலும் பேச்சு கேட்க ஒரு வாட்கூட வேண்டியதில்லை.

9 சேனலை நான் வைத்துக்கொள்ள வழியே இல்லை. என்னிடம் இருந்தவை ஐந்து ஸ்பீக்கர். கான்கிரீட் கூரையில் துளை போட்டு அட்மாஸ் ஸ்பீக்கர் மாட்டும் எண்ணம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. 2017இல் வந்த ஹெச்டிஎம்ஐ 2.1, அதன் ஈஏஆர்சி ஆகியவற்றின் பயன் புளூரே டிஸ்க்கில் வரும் டால்பி ட்ரூஹெச்டி போன்ற இழப்பில்லாத ஒலிக்கும், 120 ஃபிரேமில் ஓடும் விளையாட்டுக்கும்தான். இணையத்தில் வரும் அட்மாஸ், டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸுக்குள் வருகிறது. அதற்குச் சாதாரண ஏஆர்சியே போதும். எங்கள் வீட்டில் புளூரே பிளேயரும் இல்லை, பிளேஸ்டேஷனும் இல்லை. இவையெல்லாம் தெரிந்தும் வாங்கினேன். விவரம் தெரியாமல் ஏமாந்தவன் இல்லை நான்.

மனைவியை நம்பவைக்க உண்மையான செய்திகளையே பயன்படுத்தினேன். 2022 மே மாதம் ஜப்பானில் ஆன்கியோ ஹோம் என்டர்டெயின்மென்ட் திவாலானது. அந்தச் செய்தியைக் காட்டி, "கம்பெனியே மூடிட்டாங்க, இனி பார்ட்ஸ் கிடைக்காதுன்னு மெக்கானிக் சொல்லிட்டார்" என்றேன். எங்கள் ரிசீவர் ஆன்கியோவே இல்லை. 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபியோகாவில் ஆசாஹி கசேய் சிப் தொழிற்சாலை எரிந்ததும், ஒலிக்கருவிகளுக்கான சிப்புகளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் நடந்தவை. அதைச் சொல்லி, "இப்ப விட்டா விலை ஏறிடும்" என்றேன். அவள் தன் சீட்டுப் பணத்திலிருந்து 68,000 எடுத்துக் கொடுத்தாள். மீதி 50,000ஐ அவளுக்குத் தெரியாமல் கிரெடிட் கார்டில் தவணையாகப் போட்டேன். ஒரு நேர்மையான தொழிலாளியின் வாயில், அவர் சொல்லாத வார்த்தையை வைத்ததும் இதில் அடக்கம்.

அதே மாதங்களில்தான் மனைவி இரண்டு முறை நினைவூட்டினாள். "ஏங்க, மாமாவை ஒருதரம் காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க." நேரமில்லை என்றேன். ரிசீவர் கேட்டுப் பார்க்க மூன்று கடைகளுக்குப் போக எனக்குச் சனிக்கிழமைகள் இருந்தன.

2022 தீபாவளிக்கு முந்தைய வாரம் புதியது வந்தது. பழையதை அந்த மெக்கானிக்கே 3,500 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். ஏன் விற்கிறேன் என்று கேட்கவில்லை. புதியதோடு அறையை அளக்க ஒரு மைக் தருகிறார்கள். அதைப் பல இருக்கைகளில் மாற்றி மாற்றி வைத்து அளந்தால், ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் அளவையும் தானே ஒழுங்குசெய்யும். நான் மைக்கை நடு சோபாவில், என் இடத்தில் மட்டும் வைத்து அளந்தேன். செண்டர் ஸ்பீக்கர் அதே கீழ்த்தட்டில் இருந்தது. டிவி அதே பிசிஎம்மில் இருந்தது. அறை நிறையவேண்டும் என்று ஆல் சேனல் ஸ்டீரியோவில் வைத்தேன், எல்லா ஸ்பீக்கரும் ஒன்றையே ஒலிக்கும் முறை அது. வசனம் நாலாப்பக்கமிருந்தும் வந்து ஒன்றோடொன்று குழம்பியது. எனக்கு அது பிரமாண்டமாகத் தெரிந்தது.

"எப்படிப்பா இருக்குது?" என்று கேட்டேன். "நல்லா இருக்குது சாமி" என்றார்.

மார்கழியில் ஒரு ஞாயிறு, எல்லோரும் சேர்ந்து நகைச்சுவைப் படம் ஒன்று பார்த்தோம். நாங்கள் சிரிக்கும்போதெல்லாம் அப்பாவும் சிரித்தார். தற்செயலாகத் திரும்பியபோதுதான் கவனித்தேன், அவர் திரையைப் பார்க்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் சிரித்த பிறகே சிரித்தார். அவர் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்திருந்த என் மகள், ஒவ்வொரு வசனம் முடிந்ததும் அவர் காதருகே குனிந்து திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து இப்படிச் செய்கிறாள் என்று பிறகு கேட்டேன். "டிவி புதுசா வாங்கினதுல இருந்துப்பா" என்றாள். அப்போது அவளுக்கு ஆறு வயது.

அன்று இரவு மெனுவைத் திறந்தேன். பிசிஎம்மை டால்பிக்கு மாற்றினேன். செண்டர் ஸ்பீக்கரை மேலே எடுத்து, டிவியின் அடி விளிம்புக்கு நேராக, சற்று மேல்நோக்கிச் சாய்த்து வைத்தேன். அதன் அளவை 3 டெசிபெல் கூட்டினேன். மைக்கை அப்பாவின் நாற்காலியிலும் வைத்து மறுபடி அளந்தேன். எல்லாம் முடிய முக்கால் மணி நேரம். மறுநாள் அதே படத்தைப் போட்டேன். மகள் குனியவில்லை என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். குனிந்தாள், ஆனால் சில இடங்களில் மட்டும்.

பொங்கல் கழிந்து அப்பாவைக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். வரைபடத்தில் கோடு 4,000 ஹெர்ட்ஸில் பள்ளமாக இறங்கியிருந்தது, இரண்டு காதிலும். இப்போது கருவி போட்டுக்கொள்கிறார்.

மெக்கானிக்கின் கடைக்கும் போனேன். அவர் பெயரைச் சொல்லி நான் பொய் பேசியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் வுடுங்க" என்று சொல்லிவிட்டு சாலிடரிங்கைத் தொடர்ந்தார். அவர் மேசைக்கு மேலே, சுவர்ப் பலகையில் எங்கள் பழைய ரிசீவர் ஓடிக்கொண்டிருந்தது. அதனோடு ஒரு சிறிய செண்டர் ஸ்பீக்கர், காது உயரத்தில். செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் பஸ் போன சத்தத்திலும் ஒரு சொல் தவறாமல் கேட்டது.

அதைத் திருப்பிக் கேட்டேன். வாடிக்கையாளர் ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டார் என்றார்.

மனைவியிடம் அன்று மாலையே 1,18,000 ரூபாய் பில்லைக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு மடித்து பீரோவில் வைத்தாள். விலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "மெக்கானிக் அன்னிக்கே சொன்னாரா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அப்பாவிடமும் சொன்னேன், கருவி போட்டிருந்தபோது, எதிரே உட்கார்ந்து, முழுவதையும். கேட்டு முடித்து, "அந்தப் பழைய ஆம்ப் இப்ப யாரு வீட்டுல இருக்குது?" என்றார்.

சீட்டுப் பணத்தை மாதம் 5,000 ரூபாயாக அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவருகிறேன். இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது.