அஞ்சறைப் பெட்டியும் அடுக்குப்பானையும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். இடித்த செட்டிநாட்டு வீடுகளின் நிலைக்கதவு, தூண், ஜன்னல், ஊஞ்சல் பலகை, அஞ்சறைப் பெட்டி, பித்தளை அண்டா, பீங்கான் ஜாடி என்று வரிசையாகப் பழம்பொருள் கடைகள். பர்மாவில் வட்டித் தொழில் செய்தவர்கள் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய தேக்கு அது. 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்த பிறகு அந்தச் செல்வத்தில் பெரும்பகுதி போய்விட்டது. பல பங்காளிகளுக்குப் பாகம் பிரிந்த வீடுகளைப் பராமரிக்க முடியாமல் வாரிசுகள் இடித்து விற்றார்கள். அந்த மரம்தான் இன்று நகரத்துப் புது வீடுகளில் ‘பாரம்பரியச் சமையலறை’ அலமாரியாக மாறி நிற்கிறது.

என் அக்கா மகன் அப்படிப்பட்ட அலமாரிகள் செய்யும் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான். அவன் சொல்லித்தான் இந்த வேலையின் உள்விவரம் எனக்குத் தெரியும். பழைய கதவின் மேல் நாலைந்து அடுக்கு பெயிண்ட் இருக்கும். காஸ்டிக் சோடா கரைசலைத் தடவி ஊறவிட்டுச் சுரண்டி எடுக்க வேண்டும். கையுறையில் சின்னக் கிழிசல் இருந்தாலும் தோல் வெந்துவிடும். துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். ஒன்று உள்ளே தங்கிவிட்டாலும் ரம்பத்தின் பல் போய்விடும். பிறகு கரையான் அரித்த இடத்தை வெட்டி, பழைய மரத்திலேயே ஒட்டுப்போட்டு, உப்புத்தாள் தேய்த்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷைத் துணிப்பொட்டலத்தால் திரும்பத் திரும்ப ஏற்றுவார்கள்.

பழைய மரம் போதாதபோது புது மரத்தைப் பழசாக்குகிறார்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் மென்மையான பகுதி உதிர்ந்து ரேகை மேடாக நிற்கும். அதன்மேல் கெட்டியான தேயிலைச் சாயம். அது காய்ந்ததும், இரும்பு நாரைச் சில நாள் ஊறவைத்த வினிகர். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேரும்போது மரம் கண்முன்னே கறுத்துக்கொண்டு வரும். “அரை மணி நேரத்துல நூறு வயசு ஆயிரும் சித்தி” என்று சிரிப்பான். அந்த நூறு வயதுக்கு வாடிக்கையாளர் தனியாகக் காசு கொடுக்கிறார்.

மரவேலை எனக்குப் பிடிக்கும். ஆணி இல்லாமல் துளையும் கழுந்துமாகக் கோத்த ஒரு பழைய கதவைத் தட்டினால் வருகிற கனத்த ஓசை பிளைவுட்டில் ஒருநாளும் வராது. எனக்கு உறுத்துவது அதன் விளம்பரத்தில் வரும் ‘நம்ம பாட்டி காலத்துச் சமையலறை’ என்ற பேச்சுத்தான். யார் பாட்டி? என் அம்மாச்சி அந்த வீடுகளுக்குக் கொல்லைப்புற வழியாக விறகு கொண்டுபோனவர். அந்த வீட்டு அடுப்படிக்குள் என்ன இருந்தது என்று அவர் கடைசிவரை பார்த்ததில்லை.

எங்கள் அடுப்படியில் என்ன இருக்கலாம் என்பதையும் ஊர்தான் முடிவு செய்தது. காரைக்குடியும் தேவகோட்டையும் அப்போது இருந்தது இராமநாதபுரம் மாவட்டத்தில். 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்தின் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஜே.எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்க, வெள்ளி நகை போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே உடுத்தக் கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது, குடையும் செருப்பும் கூடாது. அந்தப் பட்டியலிலேயே இதுவும் இருக்கிறது: வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியக் குதிர்கள் அழிக்கப்பட்டன, ஆடு மாடுகள் கொள்ளை போயின. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் அதில் சேர்ந்தது.

பித்தளை அண்டா அழகுப்பொருளாகச் சமையலறை மேடைக்கு வரும்போது இந்தப் பட்டியல்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அதே வட்டாரத்தில், அதே ஆண்டுகளில், ஒரு வீட்டில் அது சீர்வரிசை. இன்னொரு வீட்டில் அது குற்றம்.

எங்களிடம் இருந்தது அடுக்குப்பானை. வீட்டு மூலையில் அடியில் பெரிய பானை, மேலே போகப்போகச் சின்னது. அடியில் கேழ்வரகு, அதற்கு மேல் புளி, அதற்கும் மேல் கருவாடு, உச்சியில் அம்மாச்சி ஒளித்துவைக்கும் சில்லறை. அலமாரியின் வேலை முழுவதையும் அது செய்தது. பழம்பொருள் கடைகளில் அதை நான் பார்த்ததில்லை. மண் உடைந்துபோகும், தேக்கு நிற்கும். எதெல்லாம் மிஞ்சி நிற்கிறதோ அதற்கே ‘பாரம்பரியம்’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

பிறகு எவர்சில்வர் வந்தது. அம்மா சீட்டுக் கட்டி ஒவ்வொன்றாக வாங்கினார். ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டச் சொல்வார். சுவரில் ஸ்டீல் ஸ்டாண்ட் அடித்துத் தட்டுகளை வாசலைப் பார்க்க நிறுத்தினார். பழமை ரசிகர்களுக்கு எவர்சில்வர் என்றால் முகம் சுளிக்கும், ‘ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு’ என்பார்கள். சேரியில் அந்தப் பளபளப்பைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

போன வருடம் ஒரு புது வீட்டுச் சமையலறையில் அக்கா மகனும் இன்னும் இரண்டு பேரும் ஆறு நாள் வேலை செய்து, பழைய நிலைக்கதவை வைத்து அலமாரி பொருத்தினார்கள். மூன்று பேருக்கும் தினமும் பேப்பர் கப்பில் காபி, பால்கனியில். ஏழாம் நாள் பால் காய்ச்சினார்கள். மறுநாள் ஒரு கதவு இடிக்கிறது என்று கூப்பிட்டார்கள். இவன் ரம்பமும் இழைப்புளியுமாகப் போனால், “இனிமே அடுப்படிக்குள்ள வர வேணாம்ப்பா, கதவைக் கழற்றி வெளியே தர்றோம், இங்கேயே இழைச்சுக் குடு” என்றிருக்கிறார் வீட்டுக்காரர். கொண்டி எப்படிக் கழற்றுவது என்று இவன் வாசலில் நின்று சொல்லச் சொல்ல அவர்கள் கழற்றினார்களாம். சாதியைக் கேட்டார்களா என்றேன். “முதல் நாளே ஊரு, தெருவெல்லாம் கேட்டுட்டாங்க சித்தி.”

படித்து வேலைக்குப் போய் முதல் வீடு கட்டும் தம்பி தங்கைகள் இப்போது இந்த அலமாரிகளைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். தாராளமாக வாங்குங்கள். நல்ல தேக்கு இரண்டு தலைமுறைக்கு உழைக்கும். வாங்கும்போது சுரண்டியவன், இழைத்தவன், பாலிஷ் ஏற்றியவன் யாரென்று கேளுங்கள். பட்டறையில் கையுறை கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். பொருத்த வருபவர்களுக்கு வீட்டு டம்ளரில் காபி கொடுங்கள்.

அம்மாவின் வீட்டுக்கும் ஓர் அலமாரி தயாராகிறது. பட்டறையில் கழிந்த தேக்குத் துண்டுகளை விலைக்கு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் செய்கிறான். தேயிலைச் சாயம் அடித்துப் பழசு மாதிரி ஆக்கட்டுமா என்று கேட்டதற்கு அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “புது மரம் புதுசாவே இருக்கட்டும்யா. முன்னால கண்ணாடி போடு, பாத்திரம் வெளிய தெரியணும்” என்று சொல்லிவிட்டு, இட்லிக் கொப்பரையின் உயரத்தை முழம் போட்டு அளந்துகொண்டிருந்தார்.