செல்லாதவரின் வண்டி

சென்ற வாரம் என் வண்டியை விற்றுவிட்டேன். விலை பேசி முடித்தபின், வாங்க வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பலகைக் கட்டிலையும் அதனடியிலிருந்த இழுப்பறைகளையும் தொட்டுப் பார்த்துவிட்டு, இதில் யாரேனும் தங்கியிருந்தார்களா என்று கேட்டார். நான்தான் தங்கியிருந்தேன் என்றேன். எத்தனை நாள் என்றார். இரண்டு ஆண்டு எட்டு மாதம் என்றதும் அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நண்பர்களும் உடன் ஆய்வாளர்களும் இத்தனை நாள் கேட்கத் தயங்கிய செய்தியும் இதுவே. ஆகவே இப்பதிவைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு வயது நிறையுமுன் போலியோ என் இரு கால்களையும் பற்றியது. இந்தியாவில் இயற்கைப் போலியோ நச்சுயிரியின் கடைசித் தொற்று 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பதிவாயிற்று; 2014 மார்ச்சில் நாடு போலியோ அற்றதெனச் சான்றளிக்கப்பட்டது. என் போன்றோர் ஏறக்குறைய இறுதித் தலைமுறையினர். கேலிப்பரும் இரண்டு ஊன்றுகோல்களும் கொண்டு சமதளத்தில் ஐம்பது அடி நடப்பேன். கைப்பிடி இல்லாத மூன்று படிகள் எனக்கு ஒரு மதில். பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்துவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் முனைவர் பட்ட ஆய்வுக்காகத் திருவனந்தபுரம் வந்தேன்.

நான் கொண்டுவந்த தலைப்பு, நாஞ்சில் நாட்டுக் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு நிகழ்த்தப்படும் முறை. தொடக்கத்திலேயே ஒரு மூத்த பேராசிரியர் அன்போடு சொன்னார்: "உங்களுக்கு எதற்கு இந்த அலைச்சல்? சுவடியோ அச்சுப் பனுவலோ எடுத்துக்கொள்ளுங்கள். இருந்த இடத்திலேயே முடித்துவிடலாம்." அவர் என் கால்களைப் பார்த்துச் சொன்னார், குறையொன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் மாற்றுத்திறனாளி ஆய்வாளர்களின் தலைப்புகளை ஒருமுறை பட்டியலிட்டுப் பாருங்கள். அவற்றுள் எத்தனை அவர்களின் நாட்டத்தால் அமைந்தவை, எத்தனை மாடிப்படியால் அமைந்தவை என்று கேட்டுப் பாருங்கள்.

வில்லுப்பாட்டை அச்சில் படிக்கலாம். ஆயின் கொடைக்களத்தில் அது வேறொன்றாகிறது. தெய்வத்தின் வரத்துப் பாட்டு பாடும்போது, சாமியாடுபவரின் உடலில் அதிர்வு தொடங்குகிறதா என்பதைப் புலவர் கண்ணால் அளந்துகொண்டே பாடுகிறார். அதிர்வு தாமதித்தால் பாட்டு நீள்கிறது, வந்துவிட்டால் சுருங்குகிறது. வலம்பாடுபவரும் இடம்பாடுபவரும் அதற்கேற்ப ஏந்துகிறார்கள். குடமும் உடுக்கும் வேகம் மாறுகின்றன. இதைக் காண நள்ளிரவுக்குப் பின்னும் களத்தில் இருக்க வேண்டும்; விடிந்தபின் புலவரோடு பேச வேண்டும். ஆக, இரவில் தங்க ஓர் இடம் வேண்டும்.

அந்த இடந்தான் கிடைக்கவில்லை. நான் ஏறிப் பார்க்க முயன்ற விடுதிகளில் அறைகள் முதல் மாடியில் இருந்தன. தரைத்தளத்தில் அறை இருந்தால் கழிவறைக்கு இரண்டு படி இருந்தது. ஊர்ப்பெரியவர்கள் தம் வீட்டில் தங்கச் சொன்னார்கள். திண்ணை வரை போகலாம். கொல்லைக்கு எப்படிப் போவது? நான் சேர்ந்த நிறுவனத்தின் விடுதியிலும் நிலை வேறன்று. தரைத்தள அறை ஒன்று ஒதுக்கினார்கள். அதன் குளியலறை வாசல் என் ஊன்றுகோல்களின் அகலத்தைவிட நான்கு விரற்கடை குறுகலாக இருந்தது. முதல் பருவத்தில் பக்கவாட்டாகத் திரும்பி நுழைந்து இருமுறை விழுந்தேன். மாற்றுத்திறனாளிகளுக்கு முனைவர் பட்ட ஆய்வை முடிக்க இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வழங்குகிறது பல்கலைக்கழக மானியக் குழு. காலத்தைக் கூட்டித் தந்தார்கள், படிகளைக் குறைக்கவில்லை.

அந்நிலையில்தான் பழைய மாருதி ஆம்னி ஒன்றை வாங்கினேன். அதன் தளம் என் முழங்கால் உயரம். விளிம்பில் அமர்ந்து, கைகளை ஊன்றிப் பின்னோக்கி நகர்ந்தால் வீட்டுக்குள் வந்தாயிற்று. கதவு பக்கவாட்டில் நகர்வதால் ஊன்றுகோலை எங்கே சாய்ப்பது என்ற கவலையில்லை. ஓட்டுநர் இருக்கையை மட்டும் விட்டுவிட்டு, ஆறடிக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் தச்சர் ஒருவர் பலகைக் கட்டில் அடித்துத் தந்தார். கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் மூன்றும் கைக்கு வந்தன. நிமிர்ந்து நிற்க முடியாத வீடு அது. நிற்பதே அரிதான எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. என் வாழ்க்கையில் முதன்முறையாக, என் உடலை அளந்து கட்டிய ஒரு வீட்டில் குடியேறினேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் சொல்லாட்சி ஒன்றை இங்கே குறிக்க வேண்டும். 1988ஆம் ஆண்டுச் சட்டம் உடற்குறை உடையோருக்கான ஊர்தியை 'இன்வாலிட் கேரியேஜ்' என்றழைத்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கி, 'தகவமைத்த ஊர்தி' என்ற பொருள்படும் சொல்லை வைத்தது. பழைய சொல்லைத் தமிழாக்க நேர்ந்தால் 'செல்லாதவரின் வண்டி' என்றே ஆக்கியிருப்பேன். செல்லாத காசு என்கிறோமே, அந்தச் செல்லாமையும் அதிலுண்டு. எங்கும் செல்ல இயலாமையும் உண்டு. அந்தப் பெயரை என் வண்டிக்கு நானே விரும்பி வைத்துக்கொண்டேன். அதில்தான் களியக்காவிளை கடந்து, மார்த்தாண்டம், தக்கலை, சுசீந்திரம், தோவாளை என்று நாற்பத்தொரு கொடைகளுக்குச் சென்றேன்.

வண்டி வாழ்வை அழகுபடுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆம்னியின் எஞ்சின் முன்னிருக்கைக்கு அடியில் இருக்கிறது. போலியோ தாக்கிய கால்களில் குருதியோட்டம் குறைவு; எப்போதும் சில்லிட்டிருக்கும். மார்கழி இரவுகளில் அந்தச் சூடு இதமாக இருந்தது; மேட மாத வெயிலிலோ தகரக் கூரையும் எஞ்சினும் சேர்ந்து வாட்டின. இடவப்பாதி மழை தொடங்கினால் கதவைத் திறக்க முடியாது. ஈரத்துணி மூன்று நாளானாலும் உலராது. மடக்கு நாற்காலிக் கழிப்பறை ஒன்றைத் திரைக்குப் பின் வைத்திருந்தேன். அதைக் கழுவ யாரையேனும் எதிர்பார்க்க வேண்டியிருந்தது. அதனால் மாலை ஆறுக்குமேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். சிறுநீர்ப் பாதையில் கிருமித்தொற்று இருமுறை வந்தது. இருபது லிட்டர் கேனைத் தூக்க இயலாது. ஊர்ப் பையன்கள் தூக்கி வைப்பார்கள். நகரத்தில் நண்பர் ஒருவர் தம் வீட்டு முற்றத்து மாமரத்தடியை எனக்குத் தந்திருந்தார். அவர் தந்திராவிட்டால் இந்த வீடு நிற்க இடமின்றிப் போயிருக்கும்.

ஒரு நள்ளிரவில் சாலையோரம் நிறுத்தியிருந்தபோது ரோந்துக் காவலர் கண்ணாடியைத் தட்டினார். "வீடு எவிடெயா?" என்றார். இதுதான் என்றேன். விளக்கடித்துக் கேலிப்பரைப் பார்த்தார்; புத்தகங்களைப் பார்த்தார். சற்று நேரம் நின்றுவிட்டு, இங்கே லாரி வரும், கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார். நிரந்தர முகவரி கேட்கும் படிவங்கள் அவரளவுக்கு இரங்கவில்லை. அவற்றில் அம்மாவின் வீட்டு முகவரியையே எழுதினேன். நான்கு படிகள் கொண்ட வீடு அது.

வண்டியால் நான் எதிர்பாராத ஒரு நன்மை விளைந்தது. மேடையேறிப் புலவர்களைச் சந்திக்க என்னால் இயலாது. ஆகவே அவர்கள் இறங்கி வந்தார்கள். பாட்டின் இடைவேளையில் திறந்த கதவின் விளிம்பில் அமர்ந்து கட்டன்சாயா குடித்துக்கொண்டே, சற்றுமுன் ஏன் அந்த அடியை நீட்டினோம், ஏன் ஒரு கதையை விட்டோம் என்று விளக்கினார்கள். எழுபது கடந்த புலவர் ஒருவர் முதல் நாள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "என்ன மக்கா, நத்தை மாதிரி வீட்டையும் சொமந்துக்கிட்டுல்லா வந்திருக்க?" என்றார். "வேற வழியில்ல பாட்டா" என்றேன். "வழி இல்லாதவனா இம்புட்டு தூரம் வந்த?" என்று கேட்டுவிட்டு ஏறி அமர்ந்தார். ஆய்வேட்டின் நான்காம் இயல் பெரும்பகுதியும் அக்கதவோரத்தில் பதிவானது.

அந்நாட்களில் எட் ராபர்ட்ஸ் பற்றி அடிக்கடி எண்ணினேன். பதினான்கு வயதில் போலியோவால் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். 1962இல் கலிபோர்னியாவின் பெர்க்லி வளாகத்தில் மாணவராகச் சேர்ந்தார். அவர் உறங்கும்போது மூச்சுவிட உதவிய இரும்பு நுரையீரல் ஏறக்குறைய எண்ணூறு பவுண்டு எடையுடையது. அதைத் தாங்கவல்ல விடுதி அறை இல்லை. வளாக மருத்துவமனையின் ஒரு பகுதியில் அவரைத் தங்க வைத்தார்கள். பின்னர் அங்கே அவரைப் போன்ற மாணவர்கள் கூடினார்கள். அக்கூட்டத்திலிருந்தே 1972இல் தற்சார்பு வாழ்வு மையம் பிறந்தது. தற்சார்பு என்பது எல்லாவற்றையும் தானே செய்துகொள்வதன்று, எதை, எப்போது, யாரைக்கொண்டு செய்வது என்பதைத் தானே முடிவு செய்வது என்று அவர்கள் வரையறுத்தார்கள். கேனைத் தூக்கிய பையன்களையும் மாமரத்து நண்பரையும் வைத்துப் பார்க்கையில் எனக்கு அவ்வரையறையின் பொருள் விளங்கிற்று. வண்டியில் நான் யாரையும் சாராமல் வாழவில்லை. எந்தக் கொடைக்குப் போவது, எப்போது திரும்புவது என்பதை நான் முடிவு செய்தேன்.

அதே வேளையில் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். கேரள அரசு 2021இல் 'கேரவன் கேரளா' என்னும் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. அதற்கு முந்திய ஆண்டு மூணாற்றில் பழைய அரசுப் பேருந்துகளைப் பயணிகள் உறங்கும் அறைகளாக மாற்றினார்கள். ஊர்தியிலும் மனிதர் தங்கலாம் என்பது நமக்குப் புதிய கருத்தன்று. விரும்பிச் சில நாள் தங்குவோருக்கு அது விடுமுறை. கட்டடங்கள் உள்ளே விடாததால் தங்குவோருக்கு அது வேறு. நண்பர்கள் என் வண்டியைப் படமெடுத்து, தன்னம்பிக்கை, விடுதலை என்றெல்லாம் எழுதியபோது எனக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. என் வண்டி வெற்றி பெறும்தோறும், குளியலறை வாசலை அகலப்படுத்த வேண்டிய தேவை யாருக்கோ குறைந்துகொண்டே போயிற்று.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கல்வி நிறுவனங்களின் கட்டடங்களும் வளாகங்களும் அனைவரும் அணுகத்தக்கனவாக இருக்க வேண்டும் என்கிறது. பழைய பொதுக்கட்டடங்களுக்கு, விதிகள் வெளியான 2017 ஜூனிலிருந்து ஐந்தாண்டு கெடு தந்தது. அக்கெடு 2022 ஜூனில் முடிந்தது. அணுகல் தரநிலைகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ஆணையிட்டது. அணுகல் என்பது இரக்கத்தின் பாற்பட்டதன்று. அது சட்டத்தின் பாற்பட்டது.

வண்டியை விற்றதற்குக் காரணம் என் தோள்கள். போலியோவிலிருந்து மீண்ட நரம்பணுக்கள் பல்லாண்டுகள் மிகையாக உழைத்துத் தேய்வதால், நடுவயதில் புதிய தளர்ச்சி வருவதுண்டு. எனக்கு அது வந்துவிட்டது. கால்களின் வேலையை நாற்பதாண்டுகளாகச் செய்த தோள்களால், கைக்கருவிகளையும் இனிமேல் இயக்க இயலாது. இப்போது ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். வாசலில் ஆறங்குல உயரத்தில் மூன்று படிகள். ஓரங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. பதினெட்டு அடி வேண்டும். முற்றத்தில் அவ்வளவு நீளமில்லை. திருப்பிக் கட்டலாம் என்று கொத்தனார் சொல்கிறார். வீட்டுக்காரர் இன்னும் யோசிக்கிறார்.

நெறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மாற்றுத்திறனாளி மாணவர் கள ஆய்வுத் தலைப்போடு வந்தால், தலைப்பை மாற்றச் சொல்வதற்கு முன், எங்கே தங்குவீர்கள், அதற்கு நாம் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். கள ஆய்வுச் செலவில் உதவியாளர் ஊதியத்தையும் தகுந்த ஊர்தியின் வாடகையையும் சேர்க்க முடியுமா என்று துறையில் பேசுங்கள். என்னிடம் அவற்றை யாராவது கேட்டிருந்தால், என் தோள்கள் இன்னும் சில ஆண்டுகள் உழைத்திருக்கக்கூடும்.

ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டேன். வாய்மொழித் தேர்வை முதல் மாடி அரங்கில் வைத்திருந்தார்கள். தரைத்தளத்துக்கு மாற்றுமாறு எழுதினேன். மூன்றாம் நாள் மாற்றித் தந்தார்கள். தேர்வு அனைவருக்கும் பொது. புலவர் பாட்டா வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் இப்போது மூட்டுவலி, படியேற முடியாது. நாள் உறுதியானதும் இங்கே தெரிவிக்கிறேன். வாருங்கள்.