உன் அம்மாவைக் கேட்டாயா?

அன்புள்ள கயலுக்கு,

உன் கடிதத்தில் பாதிக்கு மேல் அந்தப் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர்தான் இருக்கிறார். சளி விட்டதா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று ஒரு வரி இல்லை. டெல்லியில் படிக்க இடம் கிடைத்ததைச் சித்தப்பா தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லியாகிவிட்டது. எனக்கும் தலைகால் புரியவில்லை.

ஆனால் அம்மாவை விட்டுப் போகவிடாமல் சமூகம் உன்னைக் கட்டிப்போடுகிறது என்று எழுதியிருக்கிறாயே, நீ துணைக்கு அழைத்த ஆளே அதை ஒப்புக்கொள்ள மாட்டாரடி. வளர்ப்பு, விதி, ஊர்வாய் எதன்மேலும் பழி போடாதே, தேர்ந்தெடுத்தவள் நீதான் என்பதல்லவா அவர் கட்சி? சும்மா இருந்தால் அதுவும் ஒரு தேர்வுதான் அவருக்கு.

1945 அக்டோபரில் பாரிஸில் அவர் ஆற்றிய உரையில் ஒரு மாணவன் வருவானே, படித்தாயா? ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்திருந்த காலம். அண்ணன் 1940 போரில் போய்விட்டான். அப்பா எதிரியோடு ஒத்துப்போகப் பார்க்கிறவர். அம்மாவுக்கு இவனை விட்டால் ஆளில்லை. இங்கிலாந்துக்குத் தப்பிப்போய் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேரட்டுமா, அம்மாவோடு இருக்கட்டுமா என்று கேட்டு வந்தவனை, நீயே முடிவு செய் என்று அனுப்பிவிட்டார் மனுஷர். கல்நெஞ்சம் என்று தோன்றும். ஆனால் யாரிடம் யோசனை கேட்பது என்று தேர்ந்தெடுக்கும்போதே பாதி முடிவு எடுத்தாகிவிட்டது என்றும் அங்கேதான் சொல்கிறார். பெரிய மாமாவை விட்டுவிட்டு எனக்கு எழுதினாயே கள்ளி, நான் போகச் சொல்வேன் என்று தெரிந்துதானே?

அந்தக் கதையில் எனக்கு ஒரு குறை உண்டு. மகன் தவிக்கிறான், வாத்தியார் யோசிக்கிறார். அந்த அம்மாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டதாக இல்லை. மற்றவர் சுதந்திரத்தையும் விரும்பாமல் நம் சுதந்திரத்தை மட்டும் விரும்ப முடியாது என்பதைச் சார்த்தரும் அந்த உரையில் தொட்டுப்போகிறார். அதை உட்கார்ந்து விரிவாக யோசித்தவர் சிமோன் த பொவ்வார், 1947இல் வந்த தன் அறவியல் நூலில். எனக்கு அவரைத்தான் அதிகம் பிடிக்கும்.

நீயும் உன் அம்மாவை, என் அக்காவை, அப்படித்தான் எழுதியிருக்கிறாய். பாவம், தனியாக இருக்க முடியாது என்று. அவளைக் கேட்டாயா? முட்டிவலி இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அதோடுதான் போன மாதம் தனியாகப் பஸ் ஏறித் திருச்செந்தூர் போய்வந்தாள். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், திட்டுவாய் என்று. அவளிடம் அனுமதி கேட்காதே, அவளுக்கு என்ன வேண்டும் என்று கேள். இங்கேயே இரு என்றும் சொல்லலாம். அப்போதும் முடிவு உன்னுடையதுதான். அம்மாவுக்காக விட்டேன் என்று பத்து வருஷம் கழித்து அவளைக் குத்திக்காட்டினால் நான் சும்மா விடமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் நேரில் பேசு, வாட்ஸ்அப்பில் வேண்டாம். கட்டணம் கட்டக் கடைசித் தேதி என்ன என்று எழுதவே இல்லையே, முதலில் அதைப் பார். பணம் குறைந்தால் சித்தப்பாவிடம் கேள். அதற்கு என் யோசனை வேண்டியதில்லை.

அன்புடன்,
சித்தி