படத்துக்குக் கீழே பெயர் இல்லை

என் அப்பாயியின் டிரங்குப் பெட்டியில் பழைய தபால் அட்டை ஒன்று இருக்கிறது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே, தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடை தொங்க ஒரு பெண் நிற்கிறார். கீழே ஆங்கிலத்தில் ‘தமிழ்க் கூலி, சிலோன்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். பங்களாவில் சமையல் வேலை பார்த்த உறவினர் ஒருவர், துரை ஊருக்குக் கிளம்பியபோது எடுத்து வந்தாராம். “இது எங்க பாட்டி” என்பார் அப்பாயி. உண்மையா என்று தேட ஆரம்பித்தேன்.

முதல் தடயம் அட்டையின் பின்பக்கத்தில் கிடைத்தது. முகவரிப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் சேதி எழுதலாம் என்று பிரிட்டன் 1902இல்தான் அனுமதித்தது. எங்கள் அட்டையில் அந்த நடுக்கோடு உண்டு. அப்படியானால் அச்சானது அதற்குப் பிறகு. படம் இன்னும் முன்பே எடுத்ததாக இருக்கலாம். அச்சிட்ட கம்பெனிக்குப் பெயர் போட்டிருக்கிறார்கள். நிற்கிற பெண்ணுக்குப் போடவில்லை.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் கூட்டிப் போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலிப் பக்கத்துச் சேரிகளில் பஞ்சத்துக்கும் பண்ணையார் கடனுக்கும் தப்பிப் போனவர்கள். அவர்கள் படத்தை அட்டையாக்கி விற்ற நாட்டில் 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இங்கே பிறந்தானா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா, ஆதாரம் காட்டு என்றது. லயத்தில் பிறந்தவர்களிடம் பத்திரம் எங்கே இருக்கும்? லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். எங்கள் குடும்பம் அப்படித்தான் நீலகிரிக்கு வந்து சேர்ந்தது.

இங்கே வேறு கேள்வி காத்திருந்தது. என் அத்தை மகளின் கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டோம். இலங்கைப் பத்திரங்களில் ‘இந்தியத் தமிழர்’ என்றுதான் இருக்கிறது, சாதி இல்லையே என்று அலுவலகத்தில் மனுவைத் திருப்பிவிட்டார்கள். ஊரில் எங்களைச் சேரியில் வைத்தவர்களுக்குச் சாதி தெரியும். காகிதத்துக்கு மட்டும் தெரியவில்லை!

அட்டையைப் பற்றிக் கேட்கப்போய் அப்பாயி சொன்ன ஓர் ஊர்ப்பெயரும் குலசாமி பெயரும் அப்போது கைகொடுத்தன. முசிறிப் பக்கம் அந்த ஊரைத் தேடிப் போனேன். சேரியில் ஒரு பெரியவர், தன் தாத்தாவோடு பிறந்தவர்கள் “கண்டிச்சீமைக்கு” போன கதையைச் சொல்லி, வரிசையாகப் பெயர்களையும் சொன்னார். அப்பாயி சொன்ன பெயர்கள் அவை. பங்காளிகளின் சான்றிதழ் நகல்களை வைத்து மறுபடி மனுப் போட்டோம். பல மாதம் அலைந்தபின் சான்றிதழ் வந்தது. அத்தை மகள் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

படத்தில் இருப்பது எங்கள் பாட்டிதான் என்று நிறுவ எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. எங்கள் பாட்டி இல்லையென்றால் நம்மில் யாரோ ஒருவரின் பாட்டி.

தோழர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே உட்காருங்கள். ஊர், குலசாமி, தோட்டத்தின் பெயர், கப்பல் ஏறிய காரணம் எல்லாவற்றையும் கைபேசியில் பதிவு செய்யுங்கள். பழைய படங்களின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதி வையுங்கள். நம்மிடம் கேட்கப்படும் ஆதாரத்தை நாம்தான் சேர்த்து வைக்க வேண்டும்.

ஜெய் பீம்.