கடைமடை நாற்காலி

வீட்டுக்குள் சினிமாக் கொட்டகை வைப்பது பெரிய மனிதர்களின் காரியம் என்று நெடுநாள் நினைத்துக் கொண்டிருந்தேன். பிறகு நானே ஒன்று வைத்தேன். கம்பத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இப்போது ஐந்து ஒலிபெருக்கிகளும், மந்தர ஸ்தாயிச் சப்தத்துக்கென்று தனியாக ஒரு பெட்டியும் இருக்கின்றன. இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் பக்கத்தில்தானே இருக்கிறது? அவருடைய சங்கீதத்தை நாம் அரைகுறையாகக் கேட்கலாமா என்று மனைவிக்குச் சமாதானம் சொன்னேன்.

ஒலியைச் சமன் செய்வதற்குச் சாஸ்திரம் உண்டு. கருவியே ஒவ்வொரு பெட்டியிலும் முறைவைத்து ஓர் இரைச்சலை எழுப்பும். தூரத்து மழையைப் போலிருக்கும். உட்காருமிடத்தில், காதின் உயரத்தில் ஒலிமானியை வைத்து, ஐந்தும் ஒரே அளவு, சாதாரணமாக 75 டெசிபல், காட்டும் வரையில் கூட்டிக் குறைக்க வேண்டும். என் சோபாவில் ஒலிமானியை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இதில் செலவழித்தேன். ஐந்தும் பிசகாமல் நின்றன.

அன்று முதல் என் தகப்பனார் படம் பார்க்க வருவது குறைந்தது. சிறிது நேரம் இருப்பார்; மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக் கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். எண்பது வயதில் சினிமா ருசி போய்விட்டதாக்கும் என்று நானே தீர்ப்புச் சொல்லிக் கொண்டேன். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"மழை பெய்வது கேட்கிறது, தம்பி. மனுஷர் பேசுவதுதான் கேட்கவில்லை" என்றார்.

"எல்லாவற்றையும் அளந்து வைத்திருக்கிறேனே, அப்பா!"

"எங்கே நின்று அளந்தாய்? கடைமடைக்குப் போய்ப் பார்த்தாயா?"

அவர் ஐம்பது வருஷம் நெல் விளைவித்தவர். 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் பள்ளத்தாக்கு இது. தலைமடையில் நிற்பவனுக்கு வாய்க்கால் நிறைந்தே தோன்றும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். எனக்குத்தான் மறந்து விட்டது.

ஒலிமானியை அவருடைய சாய்வு நாற்காலிக்குக் கொண்டு போனேன். பின்பக்கத்து இடது பெட்டி எனக்கு இரண்டு மீட்டர் தூரம். அவருக்கு ஒரே மீட்டர். திறந்த வெளியில் தூரம் பாதியானால் சப்தம் 6 டெசிபல் ஏறும். சுவர்கள் எதிரொலிக்கும் கூடத்தில் ஏற்றம் சற்றுக் குறையும். அவரிடத்தில் அந்தப் பெட்டி 79 காட்டியது. வசனம் பெரும்பாலும் வரும் நடுப்பெட்டியோ 73தான். போதாக்குறைக்கு, முதுமையில் முதலில் மங்குபவை உச்சஸ்தாயி ஒலிகள். 'ச', 'த' போன்ற மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டுபவை அவையே.

பின்பெட்டியைச் சுவரில் இரண்டு அடி உயர்த்தி, 3 டெசிபல் குறைத்தேன். நடுப்பெட்டியில் 3 கூட்டி, அதன் முகத்தைக் காதுகளை நோக்கிச் சாய்த்தேன். இப்போது என் சோபாவில் அளந்தால் ஒன்றும் சமமாக இல்லை. பின்னாலிருந்து வரும் மழை எனக்குத் தூறலாகத்தான் கேட்கிறது.

நேற்றிரவு படம் முடியும் வரையில் அப்பா எழுந்திருக்கவில்லை. நடுவில் ஒரு வசனத்துக்கு, எனக்கு முன்னாலேயே சிரித்தார்.