வாடகைக்கு ஓர் அறை

2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 300 பேருக்கு மேல் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. எங்கள் விடுதி தப்பியது. ஆனாலும், மகளோடு இனி விடுதியில் இருப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் வேலை. சம்பளம் 9,000 ரூபா. பக்கத்தில் அறை ஒன்றுக்கே 6,000 கேட்டார்கள். ஒரு வருட முற்பணம் வேறு. ஒழுங்கை ஒழுங்கையாக ஏறி இறங்கினேன். அடையாள அட்டையில் கிளிநொச்சி முகவரியைக் கண்டதும் சிலர் கதவைச் சாத்தினார்கள். "வீட்டில ஆம்பிளை இல்லையோ பிள்ளை?" என்று கேட்டவர்களும் உண்டு.

கடையில் கூட வேலை செய்த மட்டக்களப்பு அக்காதான், "தனிய எடுத்தால் கட்டாது தங்கச்சி, சேர்ந்து எடுப்பம்" என்றா. தெகிவளையில், காலி வீதியிலிருந்து உள்ளே தள்ளி, ஓர் அறையும் குசினியும் கிடைத்தன. வாடகை பாதி பாதி. முற்பணத்துக்கு என் காப்பு அடகுக்குப் போனது. முதல் இரவு மகள் சாவியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தாள்.

முற்பணம் எவ்வளவு, எப்போது திருப்பித் தருவது என்று எழுதி ஒப்பம் வாங்கச் சொன்னதும் அக்காதான். இரண்டு வருடத்தின் பின் வீட்டுக்காரர் காசைத் தரப் பின்னடித்தபோது அந்தக் கடதாசிதான் எங்களுக்காகப் பேசியது.

சகோதரிகளே, இன்று வாடகை பல மடங்கு ஏறிவிட்டது. பங்குக்கு ஆள் தேட வெட்கப்படாதீர்கள். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. அது எங்கள் உரிமை.